மருத்துவமனைப் பலகைக்கு எந்த எழுத்துரு?

"சார், எல்லாத்தையும் ஹெல்வெடிகாவிலேயே போட்டுடுங்க, நீட்டா இருக்கும்." புகழ்பெற்ற ஆங்கில எழுத்துரு ஒன்றைச் சுட்டி, தென்மாவட்ட ஊர் ஒன்றில் அறுபது படுக்கைகளோடு நடக்கும் மருத்துவமனையின் நிர்வாகி என்னிடம் சொன்னது இது. அவர் கேட்டது மூன்று வேலைகள். தாழ்வாரப் பலகைகள், ஓ.பி. சீட்டும் மருந்துக் கவரும், பிறகு கைபேசியில் பார்க்கும் இணையதளம். மூன்றுக்கும் ஒரே எழுத்துரு வேண்டும், அது அலங்காரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது என்பதில்தான் பேச்சு இரண்டு வாரம் நீண்டது.

முதல் நாள் அங்கே காத்திருப்போர் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'இரத்தப் பரிசோதனைக் கூடம்' என்ற பலகைக்கு நேர் கீழே ஒரு பாட்டி நின்றுகொண்டு, "ஏம்ப்பா, ரத்தம் எடுக்குற எடம் எங்கருக்கு?" என்று கேட்டார். "தலைக்கு மேலயே எழுதியிருக்கே பாட்டி" என்றான் சீட்டு எழுதும் பையன். அவர் அண்ணாந்து பார்த்தார். "எழுத்து பூரா நசுங்கிக் கெடக்கு தம்பி, இதுல நான் என்னத்தப் படிக்க?" அவருக்குப் படிக்கத் தெரியும், மடியில் மடித்து வைத்திருந்த நாளிதழே சாட்சி. பலகையில்தான் கோளாறு. மூன்றடி அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்று யாரோ எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து நசுக்கியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லோ தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

அன்றே ஒன்று தெளிவாகிவிட்டது. நாம் வழக்கமாக ஆங்கில எழுத்துருவை முதலில் முடிவு செய்கிறோம். தமிழை அதற்கு ஒட்டுப்போடத் தேடுகிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஆங்கிலத்தில் நடுநிலையான எழுத்துருக்கள் ஏராளம், அவற்றுக்குள் வேறுபாடும் மயிரிழை அளவுதான். தமிழில் நல்லவை ஒரு கை விரலுக்குள் அடங்கும், அவற்றுக்கிடையே தூரமும் அதிகம். குறைவாகக் கிடைப்பதைத்தானே முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

நிர்வாகியின் ஆசையை நான் தள்ளிவிடவில்லை. அவர் மனதில் இருந்த படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1957-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகருக்கு அருகே மூன்ஷென்ஸ்டைனில் இருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகத்தில், எட்வர்ட் ஹாஃப்மன் வழிகாட்ட, மேக்ஸ் மீடிங்கர் வரைந்தது 'நோய ஹாஸ் குரோட்டெஸ்க்'. 1960-இல் அதற்கு ஹெல்வெடிகா என்று பெயர் மாற்றினார்கள். 'சுவிஸ் நாட்டுக்குரியது' என்று பொருள். எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது, சொல்லவந்த சேதிதான் தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்து சுவிஸ் வடிவமைப்பாளர்களின் பிடிவாதம். கோட்டின் முனைகளைப் படுக்கையாகவோ செங்குத்தாகவோ நறுக்கென்று வெட்டினார்கள். எழுத்துகளை நெருக்கமாக நிறுத்தினார்கள். சொல் ஒரே கட்டியாகக் கண்ணில் விழும்.

அதே 1957-இல் பாரிஸின் டெபர்னி எ பெய்ஞோ வார்ப்பகம் யூனிவர்ஸை வெளியிட்டது. வரைந்தவர் ஏட்ரியன் ஃபுரூட்டிகர், அவரும் சுவிஸ்காரர். என்னைக் கேட்டால் அந்த ஆண்டின் பெரிய சாதனை இதுதான். ஓர் எழுத்தை வரைந்து, அது விற்ற பிறகு தடித்ததையும் ஒல்லியானதையும் சேர்த்துக்கொண்டே போகும் பழைய வழக்கத்தை விட்டு, 21 வடிவங்களைத் தொடக்கத்திலேயே ஒரு குடும்பமாகத் திட்டமிட்டார். பெயருக்குப் பதில் எண் வைத்தார். 55 என்றால் இயல்பானது. முதல் இலக்கம் கூடினால் தடிமன் கூடும். 57 என்றால் அதே தடிமனில் குறுகியது. நசுக்கத் தேவையில்லாத குறுகல் வடிவம் குடும்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை 1957-லேயே யோசித்திருக்கிறார். அந்தப் பாட்டியின் பலகைக்கு இதுதான் தேவைப்பட்டது.

ஃபுரூட்டிகரின் அடுத்த படியும் நமக்குப் பாடம். பாரிஸுக்கு வெளியே 1974-இல் திறந்த சார்ல் த கோல் விமான நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளுக்கு அவரை அழைத்தபோது, தன்னுடைய யூனிவர்ஸையே அவர் அப்படியே மாட்டிவிடவில்லை. வாய் திறந்த எழுத்துகளாகப் புதிதாக வரைந்தார். 1976-இல் அது ஃபுரூட்டிகர் என்ற பெயரிலேயே வெளிவந்தது. ஹெல்வெடிகாவில் ஆங்கிலச் 'சி'யும் 'இ'யும் ஏறக்குறைய வாயை மூடிக்கொண்டிருக்கும். எண்களில் 3, 6, 8, 9 நான்கும் தள்ளி நின்று பார்த்தால் ஒரே உருண்டையாகத் தெரியும். விளம்பரத் தலைப்பில் இது அழகு. மருந்துக் கவரில் 600 என்பதை 800 என்று படித்தால்? பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் வெறும் கோடுகளாக நிற்கும் சிக்கல் வேறு. ஆப்பிள் நிறுவனம்கூடத் தன் திரைகளில் ஹெல்வெடிகாவை விட்டு 2015-இல் சான் ஃபிரான்சிஸ்கோ என்ற சொந்த எழுத்துக்கு மாறிக்கொண்டது.

மற்ற ஆங்கில எழுத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரியல் 1982-இல் மோனோடைப் நிறுவனத்தில் ராபின் நிக்கலஸும் பட்ரிஷியா சாண்டர்ஸும் வரைந்தது. ஹெல்வெடிகாவின் எழுத்தகலங்களையே கொண்டது, அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் வரி உடையாது. 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் சேர்ந்து எல்லார் மேசைக்கும் வந்துவிட்டது. ரோபாட்டோ 2011-இல் ஆண்ட்ராய்டுக்காக வந்தது. இன்ட்டர், ராஸ்மஸ் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன்காரர் கணினித் திரைக்காகவே வரைந்து 2017-இல் இலவசமாகக் கொடுத்தது. இன்றைக்குத் திரையில் ஆங்கிலம் மட்டும் வேண்டுமென்றால் தயங்காமல் அதை எடுப்பேன். ஆனால் ரோபாட்டோவிலோ இன்ட்டரிலோ தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஹெல்வெடிகாவும் ஏரியலும் கணினியோடு வரும் வழக்கமான வடிவில் அப்படித்தான். இணையதளத்தில் 'இன்ட்டர்' என்று எழுதிவிட்டுத் தமிழைத் தட்டினால், கருவி தன்னிடம் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா யூஐ, பழைய கணினி என்றால் லதா, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. ஒரே பக்கம் நான்கு வீட்டில் நான்கு முகத்தோடு தெரியும். நாம் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் தேர்வே நடந்திருக்காது.

ஆகவே தமிழுக்கு வருவோம். ஒரே தடிமனில் ஓடும் கோடு நமக்குப் புதிதில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறினால் தடித்த கோடு, மெல்லிய கோடு என்று வராது; ஒரே சீராகத்தான் வரும். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. படிப்பவர் இடம் பார்த்துப் புள்ளியை மனதில் வைத்துக்கொண்டார். ஆனால் பத்தடி தூரத்தில் புள்ளி மறையும் பலகை வைத்தால், காய்ச்சலோடு வந்து நிற்பவரைச் சுவடி வாசிக்கச் சொல்வதாக ஆகும். 'எக்ஸ்ரே'யில் இரண்டு புள்ளி அடுத்தடுத்து வருகிறது. 'ஸ்கேன்' என்றால் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று.

அதனால் எழுத்துருக்களை ஒப்பிட மூன்று சொற்களை வைத்துக்கொண்டேன். முதல் சொல் 'கண்'. 'ண'வின் சுழிகளுக்குள் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. போல்டு ஆக்கினால் முதலில் அடைபடும் எழுத்து இதுதான். அடைபட்டால் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் உள்ள வேறுபாடு போய்விடும். இரண்டாவது 'இரவு'. 'ர'வின் காலடியில் உள்ள சின்னச் சாய்கோடு தெரியவில்லை என்றால் அது துணைக்கால் ஆகிவிடும். காலை, மதியம், இரவு என்று மாத்திரைக் கவரில் அச்சிடும் இடத்தில் கண் தடுமாறும். மூன்றாவது அந்தப் பாட்டியின் 'இரத்தப் பரிசோதனைக் கூடம்'. நீளத்துக்கு அதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது.

சீட்டு அச்சிடும் இயந்திரம் வெப்பத்தாளில் அச்சிடுவது, அங்குலத்துக்கு 203 புள்ளிகள். 8 பாயின்ட் எழுத்தளவில் தமிழை அச்சிட்டால், மேல்விலங்கு முதல் கீழே இறங்கும் உகரக் கொக்கி வரை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது 22, 23 புள்ளிகள்தான். 'ண'வின் உடலுக்கு அதில் பாதியை ஒட்டித்தான் மிஞ்சும். கோட்டுக்கு இரண்டு புள்ளி போய்விட்டால் சுழிக்குள் வெளிச்சத்துக்கு என்ன இருக்கும்? திரையில் பெரிதாக்கிப் பார்த்து எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்களுடைய மிக மோசமான அச்சு இயந்திரத்தில் மிகச் சின்ன அளவில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். நாங்கள் அப்படிச் செய்த பிறகு 8 பாயின்டை 10 ஆக்கினோம். எந்த எழுத்துரு என்ற கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்தது.

இனி நான் எடுத்துக்கொண்ட ஐந்து. ஐந்துமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை. இணையத்தில் பதிக்கலாம், பலகையில் வெட்டலாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஹெல்வெடிகாவுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் நிர்வாகியிடம் அப்போதுதான் சொன்னேன். அவருடைய பிடிவாதம் அங்கே கொஞ்சம் தளர்ந்தது.

கேட்டமரானை எடுத்தவுடன் பிடித்துவிட்டது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்தது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே பிறந்தவை, ஒன்பது தடிமன்கள். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த சொல்லையே பெயராக வைத்திருப்பதும் மகிழ்ச்சி. கோடுகள் சீரானவை, வளைவுகளில் ஒரு துள்ளல் உண்டு. அந்தத் துள்ளல்தான் எனக்கு இங்கே இடித்தது. பள்ளி ஆண்டுவிழா மலருக்கோ கடைப் பெயர்ப்பலகைக்கோ மனமாரப் போடுவேன். 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று எழுதிப் பார்த்தபோது அந்த உற்சாகம் அந்தக் கதவுக்கு ஒத்துவரவில்லை.

ஹிந்த் மதுரை, அகமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி செய்தது. செயலிகளின் பொத்தான், பட்டியல் போன்றவற்றுக்காகவே வரைந்த குடும்பம் என்பதால் எழுத்தின் உள்வெளிகள் நன்றாகத் திறந்திருக்கின்றன. முனைகள் நேராக வெட்டப்பட்டிருக்கின்றன. 'கண்' சோதனையில் சின்ன அளவில் மனநிறைவு தந்தது. தடிமன் ஐந்துதான், அது ஒரு குறையே இல்லை. ஐந்துக்கு மேல் யாருக்கு வேண்டும்? குறுகல் வடிவம் கிடையாது என்பதுதான் குறை. இதே வேலை ஒரு கைபேசிச் செயலியாக மட்டும் இருந்திருந்தால் இத்தோடு தேடலை முடித்திருப்பேன்.

முக்தா மலர் மும்பையின் ஏக் டைப் குழுவினுடையது. தேவநாகரி, குஜராத்தி, குர்முகி எழுத்துகளுக்கும் உடன்பிறப்புகள் உள்ள குடும்பம், ஏழு தடிமன்கள். பத்தி பத்தியாகத் தமிழ் வாசிக்க இந்த ஐந்தில் இதையே முதலில் வைப்பேன். தமிழ் வரிக்கு நடுவே ஓர் ஆங்கிலச் சொல் வந்தாலும் பக்கத்தின் கருமை மாறாமல் ஓடுகிறது. வரிகளுக்கு இடையே இயல்பாகவே நிறைய இடம் விடுகிறது. நீண்ட வாசிப்புக்கு அது நிம்மதி, சின்னச் சீட்டில் அதுவே தாள் செலவு. இதிலும் குறுகல் இல்லை.

அனேக் தமிழும் ஏக் டைப்பிடமிருந்தே 2022-இல் வந்தது. ஒன்பது இந்திய எழுத்துகளும் ஆங்கிலமும் ஒரே திட்டத்தில் வரையப்பட்டவை; தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்றலாம். பாட்டியின் பலகை இதில் கண்ணை உறுத்தாமல் மூன்றடிக்குள் உட்கார்ந்தது. பலகை வரையும் கோரல்டிரா மென்பொருளில் பக்கவாட்டில் பிடித்து நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், படுக்கும் கோடுகள் அப்படியே நிற்கும், எழுத்து நோஞ்சானாகிவிடும். குறுக்கியே வரைந்த எழுத்தில் அந்தக் கோளாறு வராது. ஆனால் அனேக்கின் வளைவுகளுக்குச் சற்றே சதுரச் சாயல் உண்டு. பெரிதாகப் போடும்போது அது ஒரு குணமாக முன்னால் வந்து நிற்கிறது. பலகை மட்டும்தான் வேலை என்றால் இதற்கும் அடுத்து வருவதற்கும் நடுவே நான் இன்னும் தவித்துக்கொண்டிருப்பேன்.

நோட்டோ சான்ஸ் தமிழ். கூகுள் எல்லா மொழிகளுக்கும் எழுத்து இருக்க வேண்டும் என்று தொடங்கிய திட்டத்தின் பகுதி. எழுத்து கிடைக்காதபோது திரையில் வரும் காலிக் கட்டங்களை 'டோஃபு' என்பார்கள், 'நோ டோஃபு', அதாவது அது இனி இல்லை என்பதுதான் பெயரின் பொருள். ஒன்பது தடிமன், கூடவே குறுகல் வடிவங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் முன்பே இருப்பதால் வாசகருக்குப் பழகிய முகம். அழகு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. முதல் வாரம் அதையே குறையாக எழுதி வைத்திருந்தேன். ஐந்தையும் தாழ்வாரச் சுவரில் ஒட்டிவிட்டு எதிர்முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, மற்ற நான்கிலும் முதலில் எழுத்தின் சாயலைக் கண்டேன். இதில் 'கண் பிரிவு' என்பதைப் படித்துவிட்டேன். 'இரவு' சோதனையிலும் 'ர'வின் கால் தெளிவாக நின்றது.

அச்சகத்துக்காரர் ஆறாவதாக ஒன்றை முன்வைத்தார்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. "எங்க ஆளுங்களுக்குக் கை பழகினது சார், மடமடன்னு அடிச்சிடுவாங்க" என்றார். அந்த வேகத்தை நான் மதிக்கிறேன். தமிழ் அச்சு எத்தனையோ ஆண்டு இத்தகைய எழுத்துருக்களின் முதுகில்தான் ஓடியது. ஆனால் அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தவை. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. இணையதளத்தில் தேடினால் அகப்படாது, பார்வையற்றவரின் கைபேசி அதை வாசித்துக் காட்டாது. மருத்துவமனை ஒருமுறை தட்டிய சொல் பலகைக்கும் சீட்டுக்கும் தளத்துக்கும் பயன்பட வேண்டும் என்றால், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோடு தவிர வழியில்லை. அவர் கவலைக்கும் காரணம் உண்டு. பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வும் 'கே'யும் சிதறும். பலகை வெட்டும் மென்பொருளும் பல கடைகளில் பழையது. அதனால் நானே சொற்களை அடித்து, கர்வ்ஸ் ஆக்கி, அதாவது எழுத்துகளை வெறும் கோட்டுப் படமாக மாற்றி அனுப்புவதாக ஒப்புக்கொண்டேன். கர்வ்ஸ் ஆக்கிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால் இரண்டு பேரை உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். 'மகப்பேறு' ஒன்றில் 'பே', 'பெ' ஆகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

முடிவு இதுதான். பலகைக்கும் சீட்டுக்கும் தளத்தின் பட்டியல்களுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ். ஆங்கிலத்துக்கு அதே குடும்பத்தின் நோட்டோ சான்ஸ். நீரிழிவு, கர்ப்ப காலக் கவனிப்பு பற்றி மருத்துவர்கள் எழுதும் நீண்ட கட்டுரைகளுக்கும் கையேடுகளுக்கும் முக்தா மலர். ஒரே எழுத்துரு என்ற நிபந்தனையை இந்த ஓர் இடத்தில் மீறினேன். நாலு பக்கம் உட்கார்ந்து படிப்பவருக்கு வேண்டியது வேறு, நடந்துகொண்டே பலகை பார்ப்பவருக்கு வேண்டியது வேறு.

எழுத்துயரத்துக்குப் பலகைக்காரர்களின் கணக்கையே பின்பற்றினோம்: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம். தாழ்வாரம் நாற்பதடி, ஆகவே நான்கு அங்குலம். நீலத்தில் வெள்ளை எழுத்து உள்ளதைவிடத் தடித்துத் தெரியும் என்பதால் போல்டு வேண்டாம், மீடியம் போதும். 'ண'வின் சுழி அடையாமல் காப்பாற்றுவதும் அந்தத் தடிமன் குறைப்புதான். தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் தமிழைவிட ஓங்கித் தெரிவதால் அதை மட்டும் அளவில் ஒரு பங்கு குறைத்தோம். மருந்துக் கவரில் அரை மில்லிகிராமை '0.5' என்று முன்னால் சுழியம் போட்டே அச்சிட வேண்டும், வெறும் புள்ளியில் தொடங்கக் கூடாது என்று மருந்தாளர் அக்கா கறாராகச் சொன்னார். எந்த எழுத்துருவாலும் அந்தப் பிழையைத் தடுக்க முடியாது.

'இரத்தப் பரிசோதனைக் கூடம்' குறுகல் வடிவத்திலும் நான்கு அங்குல உயரத்தில் மூன்றடிக்குள் ஒரே வரியில் வரவில்லை. இன்னும் குறுக்கலாமா என்று பலகைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, சொல்லையே மாற்றினோம். இப்போது அங்கே 'இரத்தப் பரிசோதனை' என்று இரண்டு வரியில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு சொட்டு இரத்தத்தின் படத்தோடு.